துப்பாக்கியிலிருந்து வில்லுக்கு: டெல்டாவில் எய்ய இடம் பிடிப்பது எப்படி

ஏர் ரைஃபிளில் சில வருடம் பழகிவிட்டு வில்லுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் வில்லை முதலில் வாங்கிவிட்டு இடத்தைப் பிறகு தேடுகிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இப்படிச் செய்தால் வில் பீரோ மேலே ஏறி உட்கார்ந்துவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் வெளியாகத் தெரிகிற ஊர்தான். ஆனால் அந்த வெளி முழுக்க யாரோ ஒருவர் வெறுங்காலோடு இறங்கி வேலை செய்கிற வயல். வருடத்தில் முக்கால்வாசி நாள் அதில் பயிர் நிற்கும். அதனால் முதலில் இடம், அந்த இடம் தாங்குகிற தூரம், அந்தத் தூரத்துக்கு ஏற்ற வில் என்ற வரிசையில் போங்கள்.

1. வேட்டை நோக்கம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள்

"துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ், வில்லுக்கு இல்லையே, கொக்கு, மடையான் அடிக்கலாமா, வயலில் இறங்குகிற காட்டுப்பன்றியை அடிக்கலாமா" என்று கேட்கிறவர்கள் நிறைய. முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எந்த ஆயுதத்தால் அடித்தீர்கள் என்று பார்ப்பதில்லை. கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் அதில் வேட்டைதான். அந்தச் சட்டம் ஆயுதம் என்று வரையறுக்கும் பட்டியலில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன.

சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம். எய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. டெல்டாவிலும் அதை ஒட்டியும் கோடியக்கரை, வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி ஆகியவை சரணாலயங்கள். வடுவூர் ஏரி வற்றிக் கிடக்கும்போது மைதானம் மாதிரி தெரியும். வில் வண்டியில் இருந்தால் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தவே வேண்டாம். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக அதிகப் பாதுகாப்புள்ள பட்டியலில், இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பக்கத்து வயல்காரர் பன்றிக்காக உங்களைக் கூப்பிட்டால், வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுத உதவி செய்யுங்கள். வில்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

குளத்து மீனை அம்பால் அடிக்கலாம் என்ற யோசனையும் வரும். ஊர்க் குளம் பெரும்பாலும் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும். அதில் எடுக்கிற ஒவ்வொரு மீனும் குத்தகை எடுத்தவருடையது.

உயிரினத்தைக் குறிவைக்கிற சவாலே வேண்டும் என்பவர்களுக்கு 3டி ஆர்ச்சரி இருக்கிறது. ஃபோமில் செய்த மிருக உருவங்களைத் தூரம் சொல்லாமல் நிறுத்திவைப்பார்கள். கண்ணால் மதிப்பிட்டு எய்ய வேண்டும். போட்டி விதிப்படி அதிகபட்சத் தூரமே 45 மீட்டர்தான்.

2. துப்பாக்கிப் பழக்கத்தில் கழற்றிவைக்க வேண்டியவை

ஏர் ரைஃபிள் ரேஞ்சில் 10 மீட்டருக்கு அப்பால் சுவர் இருக்கிறது. தவறிய பெல்லட் அங்கே முடிந்துவிடும். அதனால் "குறி தவறினால் என்ன ஆகும்" என்று யோசிக்கிற பழக்கமே வந்திருக்காது. வில்லுக்கு இடம் பார்க்கும்போது அது ஒன்றைத்தான் யோசிக்க வேண்டும். 40 பவுண்டு இழுவிசை கொண்ட ரீகர்வ் வில்லிலிருந்து (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) மேல்நோக்கி நழுவிய அம்பு 200 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் இன்னும் மோசம்.

இரண்டாவது, சத்தம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் சுற்றியிருப்பவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். வில் சத்தம் போடாது. ஆடு மேய்ப்பவர் உங்கள் டார்கெட்டுக்குப் பின்னால் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மூன்றாவது, குண்டு போடாமல் விசையை இழுத்துப் பழகுவது. ரைஃபிளில் அது நல்ல பயிற்சி. வில்லில் அம்பு கோக்காமல் நாணை இழுத்து விட்டால், அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் கைகளுக்கே திரும்பும். வில்லின் கை பிளக்கும். காம்பவுண்டில் நாண் தெறித்து முகத்தில் அடிக்கும். மண்டபத்திலோ மைதானத்திலோ வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் முதலில் செய்வதும் இதைத்தான். வில்லை யார் கையிலும் சும்மா கொடுக்காதீர்கள்.

பழைய 10 மீட்டர் ஹால் உங்களுக்குத் திறந்திருந்தால், முதல் மாதத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். 5 மீட்டரில் குறித்தாள் இல்லாத வைக்கோல் கட்டில் எய்து உடல் நிலையைச் சரிசெய்ய அது போதும். .22 துப்பாக்கி ரேஞ்சின் மண்மேடு பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் உள்ளே ஈயத் துண்டுகள் புதைந்திருக்கும், அம்பு முனை நசுங்கும். துப்பாக்கியும் வில்லும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் நிற்கவே கூடாது.

3. எத்தனை மா வேண்டும்

ரீகர்வ் போட்டித் தூரம் 70 மீட்டர், காம்பவுண்ட் 50 மீட்டர். இந்தியன் ரவுண்டு என்கிற மூங்கில் வில் பிரிவுக்கு 50, 30 மீட்டர். உள்ளரங்கில் எல்லோருக்கும் 18 மீட்டர்.

70 மீட்டருக்குக் கணக்கு இது. டார்கெட்டுக்குப் பின்னால் ஆளில்லாத வெளி குறைந்தது 50 மீட்டர், எய்யும் கோட்டுக்குப் பின்னால் நிற்க 10 மீட்டர், பக்கவாட்டில் இரண்டு புறமும் 20 மீட்டர். ஆக 130க்கு 40 மீட்டர். ஏறத்தாழ 1.3 ஏக்கர், நம் கணக்கில் 4 மா. 30 மீட்டரோடு நிறுத்திக்கொண்டால், நல்ல தடுப்பு வலையும் கட்டினால், ஒன்றரை மா போதும். தொடங்குகிறவருக்கு 30 மீட்டரே தாராளம். 70 மீட்டர் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து வருடத்தைக் கழிக்காதீர்கள்.

நீளவாட்டு தெற்கு வடக்காக இருக்கட்டும், வடக்கு நோக்கி எய்யுங்கள். கிழக்கு மேற்காக அமைந்த இடத்தில் காலையோ மாலையோ ஏதோ ஒரு வேளை வெயில் நேராகக் கண்ணில் குத்தும். நீங்கள் எய்யப் போவதும் அந்த இரண்டு வேளையில்தான்.

தடுப்பு என்றால் எதையாவது கட்டுவதல்ல. பச்சை நிழல்வலையை அம்பு கிழித்துப் போய்விடும். நாகப்பட்டினத்தில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய மீன்வலையில் முனை நுழைந்து, இறகு மாட்டி, அம்பு பாதி கெட்டுப்போகும். வில்வித்தைக்கென்றே விற்கிற தடித்த நைலான் வலையை வாங்கி, இழுத்துக் கட்டாமல் தொளதொளவென்று தொங்கவிடுங்கள். வலை பின்னால் போய் விசையை வாங்கிக்கொள்வதால்தான் அம்பு நிற்கிறது. விறைப்பாகக் கட்டிய வலையைத் துளைத்துவிடும்.

சொந்த நிலம் என்றால் மண்மேடு சிறந்தது. 3 மீட்டர் உயரம், அடியில் 6 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் என்றால் சுமார் 19 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) மண் ஆகும். கல் கலக்காத மண்ணாக இருக்க வேண்டும். ஏரி, குளம், ஆற்றுக் கரையிலிருந்து அனுமதி இல்லாமல் வெட்டினால் அது தனி வழக்கு. சொந்த வயலிலேயே பண்ணைக்குட்டை வெட்டுகிற வருடத்தில் அந்த மண்ணை மேடாக்கிக்கொள்வது நல்ல வழி.

4. பயிர்க் கணக்கைப் பார்த்து மாதத்தை முடிவுசெய்யுங்கள்

வெளியூரிலிருந்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தை, மாசியில் சம்பா அறுத்தவுடன் வயல் காலியாகத் தெரியும். காலி இல்லை. அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்திருப்பார்கள். அறுத்த நெல்லின் தாளுக்கு இடையில் இரண்டிலைச் செடியாக நிற்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அதில் நடந்தாலே நஷ்டம்.

உண்மையான இடைவெளி சித்திரையும் வைகாசியும்தான். வழக்கமாக ஜூன் 12 என்று சொல்லப்படும் மேட்டூர் திறப்பு அந்த வருடம் எப்போது என்று பாருங்கள். கல்லணை தாண்டித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிவிட்டால் குறுவைக்கு உழவு தொடங்கிவிடும். பம்புசெட் இருக்கிற பகுதியில் அந்த இடைவெளியும் கிடையாது. கோடை நெல், பருத்தி என்று ஏதாவது நிற்கும்.

ஆக, வயலை நம்பினால் வருடத்துக்கு இரண்டு மாதம். ஆடியில் மேல்காற்று அம்பைப் பக்கவாட்டில் தள்ளும், டார்கெட் ஸ்டாண்டையே சாய்க்கும். முளையடித்துக் கட்டாத ஸ்டாண்டை நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும் என்பதால் காலை 6 முதல் 9 வரைதான் உருப்படியான நேரம்.

5. பார்க்க நன்றாக இருந்து காலை வாரும் இடங்கள்

ஆற்றுக் கரையை ஒட்டிய படுகை: உயரமான கரை இயற்கையே கட்டிய மண்மேடு என்று தோன்றும். அந்தக் கரையின் மேல் பாதை இருக்கிறது. பைக் வரும், பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வருவார்கள். கரைக்கு மறுபுறம் யார் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. அது நீர்வளத் துறை நிலமும்கூட. கொள்ளிடத்து மணலும் வேண்டாம். தாழ்ந்து போன அம்பு மணலுக்குள் புகுந்து மறைந்துவிடும், பிறகு யாராவது காலால்தான் கண்டுபிடிப்பார்கள்.

தென்னந்தோப்பு: மரத்தில் பட்ட அம்பு வளையும், அல்லது எதிர்பாராத பக்கம் தெறிக்கும். தேங்காய் பொறுக்க ஆள் எப்போது நுழைவார் என்று சொல்ல முடியாது. வேலி போட்ட சொந்தத் தோப்பில், 15 முதல் 25 மீட்டருக்குள், பின்னால் மண்மேட்டோடு என்றால் செய்யலாம். வேதாரண்யம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகள் காற்றைத் தடுக்கும். அதே நிபந்தனைகள் அங்கும் உண்டு.

விற்காத மனைப்பிரிவு: உழவு இல்லை, பாதை இருக்கிறது, ஊரை ஒட்டியும் இருக்கிறது. ஆனால் மனைக்கு மனை உரிமையாளர் வேறு. லேஅவுட் போட்டவர் தலையாட்டினால் மட்டும் போதாது. புல்லுக்குள் மறைந்திருக்கும் எல்லைக் கற்களில் பட்டுச் சிதறுகிற அம்புகளும் கணிசம்.

கோயில் நிலம், மடத்து நிலம்: டெல்டாவில் எங்கு திரும்பினாலும் இருக்கும். அனுபவத்தில் இருப்பவர் தாராளமாக "எய்ங்க தம்பி" என்பார். அனுமதி தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது.

நெற்களம்: சிமெண்டுத் தரையில் சறுக்கிய அம்பு வேகம் குறையாமல் போகும். வேண்டாம்.

இத்தனையும் கழித்த பிறகு எஞ்சுவது கல்லூரி மைதானமும் பள்ளி மைதானமும்தான். விடுமுறை நாள் காலையில், எல்லைச் சுவர் உள்ள பக்கம் பார்த்து எய்ய முடிந்தால், டெல்டாவில் இதைவிட நம்பகமான இடம் எளிதில் அமையாது. முதலில் மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்குப் போய் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரைப் பாருங்கள். தஞ்சாவூரில் அன்னை சத்யா விளையாட்டரங்கம், திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம். வில்வித்தைப் பயிற்சி இப்போது எங்கே, எந்த நேரத்தில் நடக்கிறது, மாவட்டச் சங்கத்தில் யாரைப் பார்ப்பது என்ற மூன்று கேள்வியையும் நேரில் கேளுங்கள். போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்குச் சங்கப் பதிவு எப்படியும் தேவைப்படும்.

6. அனுமதிக் கடிதம்: எந்த வார்த்தை இருக்கணும், எது கூடாது

தனியார் நிலம் என்றால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். வரிசை இது.

முதலில் புல எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இணைய சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அரசு புறம்போக்கு, கோயில் பெயர், கூட்டுப் பட்டா என்று எது வந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டுப் பட்டா என்றால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். புலப்படத்தையும் எடுத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன 130 மீட்டர் ஒரே புல எண்ணுக்குள் அடங்குகிறதா, பாதி அம்பு பக்கத்து நிலத்தில் விழுமா என்பது அதில் தெரியும்.

அடுத்து, உழுகிறவர் யார் என்று விசாரியுங்கள். பட்டாதாரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், சாகுபடி செய்பவர் ஊரில் இருப்பார். இருவரும் சம்மதிக்க வேண்டும். சாகுபடிதாரரைத் தாண்டி முதலாளியிடம் வாங்கிய அனுமதி முதல் வாரத்திலேயே சண்டையில் முடியும்.

கடிதத்தில் "குத்தகை" என்ற வார்த்தை வரவே கூடாது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். குத்தகை என்று எழுதினாலே நிலத்தில் உரிமை கேட்பீர்களோ என்று நிலக்காரர் பயந்து பின்வாங்கிவிடுவார். "வில்வித்தைப் பயிற்சிக்கு மட்டும் தற்காலிக அனுமதி" என்று எழுதுங்கள். கூடவே புல எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, நேரம், நிலையான கட்டுமானம் எதுவும் போடமாட்டோம், சாகுபடி உரிமை எதுவும் கோரமாட்டோம், உழவு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு காலி செய்வோம், ஆளுக்கோ கால்நடைக்கோ சேதம் வந்தால் பொறுப்பு எங்களுடையது. இரண்டு பிரதி, இரு தரப்புக் கையெழுத்து, இரண்டு சாட்சி.

அந்தப் பிரதியோடு காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் மனு கொடுத்து, நகலில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். லைசென்ஸ் கேட்கப் போகவில்லை, தகவல் சொல்லத்தான் போகிறீர்கள் என்பதை மனுவிலேயே தெளிவாக எழுதுங்கள். "வயலில் யாரோ ஆயுதத்தோடு நிற்கிறார்கள்" என்று யாராவது தொலைபேசினால் அந்த நகல் உங்களைக் காப்பாற்றும். பையில் விளையாட்டு முனை மட்டும் இருக்கட்டும். வேட்டைக்கான பிளேடு முனை ஒன்றுகூட வேண்டாம். அது டார்கெட்டையும் கிழிக்கும், வனத்துறையிடம் உங்கள் பேச்சையும் எடுபடாமல் செய்துவிடும்.

கல்லூரி மைதானத்துக்கு முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் யார், தடுப்பு வலை யாருடையது என்ற ஐந்தும் இருந்தால் பதில் சீக்கிரம் வரும். செமஸ்டர் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

7. மழைக்கும் காற்றுக்கும் கல்யாண மண்டபம்

18 மீட்டர் எய்ய உள்ளே 25 மீட்டர் நீளம் வேண்டும். மண்டபத்தின் மேடை இருக்கிற பெரிய ஹாலைவிடக் கீழே இருக்கும் பந்திக் கூடம்தான் பல இடங்களில் நீளம் அதிகம். டேப் கொண்டுபோய் அளந்து பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆடியில்தான் வெளியே காற்று, மார்கழியில் வயல் ஈரம் காயாது. உங்களுக்கு மண்டபம் தேவைப்படுகிற மாதத்தில்தான் அது பூட்டிக் கிடக்கிறது. நாள் வாடகை பேசாமல், வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம், மின்சாரம் தனி என்று மாதக் கணக்கில் பேசினால் படியும்.

எய்வதற்கு முன் சமையலறைக் கதவையும் பின்வாசலையும் உள்ளே தாழிடுங்கள். டார்கெட்டுக்குப் பின்னால் அந்தக் கதவு வரும்படி நிறுத்தவே கூடாது. சுவருக்கு முன்னால் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைத் தொங்கவிட்டால் தப்பிய அம்பு உடையாது. முன்பணம் கொடுக்கும்போது டைல்ஸ், விளக்கு, கண்ணாடி நிலையைப் போட்டோ எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மூடிக் கிடக்கும் பழைய ரைஸ்மில் ஷெட்டும் ஆகும். கூரையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

8. செலவு

பெரிய செலவு வில் என்று நினைப்பீர்கள். இடம் தவறாக இருந்தால் அம்புதான் பணத்தைத் தின்னும். கார்பன் அம்பு தரத்தைப் பொறுத்து ஒன்று சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகும். முதல் மாதங்களில் தொலைவதும் உடைவதும் நிச்சயம். மூங்கில் வில்லில் தொடங்கினால் மொத்தச் செலவும் வெகுவாகக் குறையும். ரைஃபிளிலிருந்து வருபவர்களுக்குக் காம்பவுண்ட் மேல் கண் போகும், அதில் விசையும் ஸ்கோப்பும் இருக்கிறதே என்று. அதற்கு இடமும் தடுப்பும் கூடுதலாக வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். ரீகர்வ் என்றால் பெரியவர்களுக்கும் தொடக்கத்தில் 22 முதல் 26 பவுண்டு போதும்.

டார்கெட்டுக்கு வைக்கோல் வாங்குவதை அறுவடைச் சமயத்தில் செய்யுங்கள், மழைக்காலத்தில் விலை ஏறிவிடும். மெஷின் கட்டு தளர்வாக இருக்கும். ஒற்றைக் கட்டைத் துளைத்துப் போகும் என்பதால் இரண்டு கட்டுகளை முன்பின்னாக வைத்து, பட்டையால் இறுக்குங்கள். நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். நனைந்த வைக்கோல் அழுகும், எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள்.

9. எய்யும் நாளும் அம்புக் கணக்கும்

கொடி மட்டும் போதாது. இந்தப் பக்கம் சிவப்புக் கொடியைக் கட்சிக் கொடி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "அம்பு எய்யும் இடம், உள்ளே வராதீர்கள்" என்று பெரிய எழுத்தில் பலகையும் வையுங்கள். விசில் விதியை முதல் நாளே பழக்குங்கள்: இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம், ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் உடனே நிறுத்த வேண்டும். ஆடு மாடு உள்ளே வந்தாலும் ஐந்துதான்.

ஒவ்வொரு அம்பிலும் எண்ணும் பெயரின் முதல் எழுத்தும் எழுதுங்கள். இறகும் நாக்கும் (நாணில் மாட்டுகிற பின்முனைத் துண்டு) பச்சை, மஞ்சளில் வேண்டாம், நெல் தாளுக்குள் தெரியாது. ரோஸ் அல்லது வெள்ளை எடுங்கள். கோடையில் களிமண் வெடித்து நிற்கும். தாழ்ந்து போன அம்பு அந்த வெடிப்புக்குள் முழுசாக இறங்கிவிடும், வெளியே நாக்கு மட்டும் தெரியலாம். அல்லது புல்லுக்கு அடியில் படுத்தவாறே பல மீட்டர் சறுக்கியிருக்கும். எய்த இடத்திலிருந்து தேடாதீர்கள். டார்கெட் பக்கம் போய், அங்கிருந்து எய்யும் கோட்டைப் பார்த்தபடி வாருங்கள், இறகு கண்ணில் படும். பிறகு தோட்ட வாரியால் தரையோடு வாரிப் பாருங்கள்.

கார்பன் அம்பு உடைந்தால் ஊசி மாதிரிச் சிலும்புகளாகச் சிதறும். நாற்று நடுகிறவர் காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். வைக்கோலோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் மாடு பிழைப்பது சந்தேகம். உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, முழு நீளமும் சேர்கிறதா என்று சரிபாருங்கள். டார்கெட்டாக நின்ற வைக்கோலை மாட்டுக்குப் போட விடாதீர்கள், எவ்வளவு கேட்டாலும். எரித்துவிட்டு, சாம்பலில் கிடக்கும் முனைகளைப் பொறுக்கிவிடுங்கள்.

நிலத்தைத் திருப்பித் தரும் நாளில் அம்புக் கணக்கு நோட்டைச் சாகுபடிதாரரிடம் காட்டுங்கள். ஒன்று குறைந்தாலும் எந்த மூலையில் போயிருக்கலாம் என்று சொல்லுங்கள். டிராக்டர் இறங்கும் முன் ஒரு மெட்டல் டிடெக்டரை வாடகைக்கு எடுத்து அந்த மூலையை மட்டுமாவது ஓட்டிப் பாருங்கள், எஃகு முனை அதில் அகப்படும். அடுத்த சித்திரைக்கான கடிதத்தைப் பற்றி அன்றைக்கே பேசிவிடலாம்.